கூழுக்குள் இருக்கும் தண்ணீர்

சித்திரை மாதத்தில் திண்டிவனத்தைத் தாண்டிப் போனால் சாலையோரத்தில் தர்பூசணி மலைபோலக் குவிந்து கிடக்கும். மரக்காணம், வானூர்ப் பக்கத்து வயல்களில் விளைந்தவை. அதே சாலையில் விழுப்புரம் போய் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குள் நுழைந்தால், பருவத்தில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை அடுக்கியிருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை, நிலக்கடலை என்பதை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வியாபாரிகளின் சீட்டில் அது மணிலா.

இரண்டும் ஒரே மாவட்டத்து மண்ணில் விளைபவை. அரைக் கிலோ தர்பூசணிச் சதையில் சுமார் 150 கலோரி இருக்கிறது. அதே 150 கலோரிக்கு வறுத்த மல்லாட்டைப் பருப்பை நிறுத்தால் 26, 27 கிராம்தான் வரும், ஒரு சின்னக் கைப்பிடி. அரைக் கிலோ பழத்தைத் தின்று முடிப்பதற்குள் வயிறு போதும் என்றுவிடும். கைப்பிடிக் கடலை பேருந்து வருவதற்குள் தீர்ந்துபோகும், கை மறுபடியும் பொட்டலத்துக்குள் போகும்.

எடை குறைப்பதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் சொல் பட்டினி. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். மூன்று வாரம் தாங்குகிறார்கள், நாலாவது வாரம் பசி வென்றுவிடுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசி என்பது உயிர் பிழைக்க உடல் வைத்திருக்கும் காவல், மன உறுதியால் நீண்ட நாள் அதை அடக்கிவைக்க முடியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது வேறொரு வழி. வயிறு நிறையச் சாப்பிட்டபடியே கலோரியைக் குறைக்கலாம். அதற்கான பண்டங்களும் பக்குவங்களும் நம் மாவட்டத்துச் சமையல்கட்டிலேயே இருக்கின்றன.

ஒரு கிராம் உணவுக்குள் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறதோ அதுவே அந்த உணவின் கலோரி அடர்த்தி. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4. இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆய்வு செய்த வில்பர் அட்வாட்டர். நார்ச்சத்து சுமார் 2 கலோரிதான் தரும். தண்ணீருக்குக் கலோரியே கிடையாது. ஆகவே ஓர் உணவு லேசானதா கனமானதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு எண்ணெய் இருக்கிறது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரி எல்லாம் 100 கிராமுக்கு 20 கலோரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்பவை. வடித்த சோறு 130 அளவில் இருக்கும். எண்ணெய் தொடாத சப்பாத்தியே 300ஐ நெருங்கும், ஏனென்றால் கல்லில் சுடும்போது தண்ணீர் பறந்துவிடுகிறது. முறுக்கும் மிக்சரும் 500ஐத் தாண்டும். எண்ணெய் 900.

இந்த எண்கள் வயிற்றுக்குத் தெரியாது. இரைப்பையின் சுவரில் இழுவிசையை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. உணவு இறங்கிச் சுவர் விரிந்ததும் அவை வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உணவு சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகு அங்கிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இரண்டாவது செய்தியைக் கொண்டுபோகும். இது வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சாப்பிட்டு எழுந்த கால்மணி நேரம் கழித்து ‘கொஞ்சம் அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றுவது இதனால்தான். உட்கார்ந்து சாப்பிடும்போது கையை நிறுத்தச் சொல்வதில் பெரும்பங்கு முதல் செய்திக்குத்தான், அதாவது வயிற்றுக்குள் இறங்கிய உணவின் எடைக்கும் பரும அளவுக்கும்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்திருக்கிறார். 1998இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு ஒன்றில் 18 பெண்களுக்கு ஒரே மாதிரித் தோற்றமும் சுவையும் கொண்ட உணவை மூன்று அடர்த்திகளில் சமைத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மூன்று முறையும் அவர்கள் சாப்பிட்ட எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அடர்த்தி குறைந்த உணவு கிடைத்தபோது உள்ளே போன கலோரி மட்டும் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. அவர்களுக்குப் பசி கூடவும் இல்லை, வித்தியாசம் தெரியவும் இல்லை.

அடுத்த ஆண்டு வெளியான சோதனையைத்தான் இந்த அத்தியாயத்தின் நடுவில் வைக்க விரும்புகிறேன். 24 பெண்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோழிக்கறியும் காயும் சோறும் சேர்த்துச் சமைத்த ஒரு சிறு உணவு, 270 கலோரி. ஒருநாள் அதை அப்படியே கொடுத்தார்கள். ஒருநாள் அதனுடன் 356 கிராம் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே பண்டங்களில் அதே அளவு தண்ணீரைச் சேர்த்துச் சூப்பாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். பண்டம் ஒன்று, கலோரி ஒன்று, கடைசி இரண்டிலும் தண்ணீரும் ஒன்று. பிறகு வந்த மதியச் சாப்பாட்டில், முதல் நாள் சுமார் 392 கலோரி சாப்பிட்டார்கள். தண்ணீர் குடித்த நாளில் 396. சூப் குடித்த நாளில் 289.

தனியாகக் குடித்த தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. உணவுக்குள் கலந்த அதே தண்ணீர் நூறு கலோரியைக் குறைத்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவியால் வயிற்றுக்குள்ளேயே பார்த்தார்கள். கெட்டி உணவோடு தண்ணீர் குடித்தால், கெட்டியானதை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் சீக்கிரம் குடலுக்கு வடிந்துபோகிறது. அதே உணவைத் தண்ணீரோடு அரைத்துச் சூப்பாகக் கொடுத்தால் தண்ணீர் பிரிய முடியாமல் உணவோடு நிற்கிறது. வயிறு அதிக நேரம் நிறைந்திருக்கிறது, பசி தாமதமாக வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கூழ். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைப்பார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றித் துடுப்பால் கிளறுவார்கள். பானையில் குமிழ் விட்டுக் கெட்டிப்படும் அந்த நேரத்தில் மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கின்றன. ஒரு பங்கு மாவு பல பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரவு முழுக்க ஆறியதைக் காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். மேல்மலையனூர் தொடங்கி இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன மாரியம்மன் கோயில்கள் வரை ஆடியில் ஊற்றுவதும் இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 190 கலோரி. 20 கிராம் நொய்யில் 70. கொஞ்சம் மோர். மொத்தம் 280 கலோரி என்று வைத்துக்கொண்டால், கையில் கிடைப்பது அரை லிட்டருக்கு மேல் கூழ். கிராமுக்கு அரைக் கலோரி. அதே 60 கிராம் மாவைப் பிசைந்து பக்கோடாவாகப் பொரித்தால் அது 25 கிராம் எண்ணெயைக் குடித்தாலே 400 கலோரியைத் தாண்டிவிடும், தட்டில் இருப்பதோ நூறு கிராம்கூட வராது. தானியம் ஒன்றுதான். ஒன்றில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, மற்றதில் தண்ணீர் வெளியேறி அதன் இடத்தில் எண்ணெய் புகுந்திருக்கிறது. கேழ்வரகு என்று பெயர் போட்டதெல்லாம் உடம்பைக் குறைக்கும் என்று நினைத்துக் கேழ்வரகு பிஸ்கட்டும் கேழ்வரகு முறுக்கும் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கூழை மெச்சிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இது பல தலைமுறைகளாக இல்லாதவர்களின் உணவு. வயிறு நிறைந்தும் உடம்பு நிறையாத நிலையை இது தந்திருக்கிறது. குறிப்பாகக் குழந்தைகளுக்கு. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிரம்பிவிடும், வளர்வதற்கு வேண்டிய கலோரி உள்ளே போயிருக்காது. பெரியவர்களின் எடையைக் குறைக்க உதவும் அதே தன்மை குழந்தையின் வளர்ச்சியை நிறுத்திவிடும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும் நம் வழக்கத்தின் அறிவு இங்கேதான் இருக்கிறது. முளைக்கும்போது உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதால், அதிக மாவு போட்டாலும் கஞ்சி கெட்டிப்படாமல் குழந்தை விழுங்கும்படி இருக்கும். சின்ன வயிற்றுக்குள் அதிகக் கலோரி போகும். ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டால் இன்னும் கூடும். ஆகையால் இந்த அத்தியாயத்தில் சொல்வது எடை கூடிவிட்ட பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோயில் மெலிந்தவர்களுக்கும், பசி குறைந்துபோன முதியவர்களுக்கும் இது பொருந்தாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவின் அளவை மாற்றக் கூடாது. கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். நைசாக அரைத்த மாவு எந்தத் தானியத்துடையதானாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

பற்றாக்குறைதான் ஒரு காலத்தில் இந்த அறிவியலுக்கே தூண்டுதல். குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. குன்னூரிலிருந்தபோது அதன் தலைவர் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்துக்களை அளந்து 1937இல் ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். குறைந்த காசில் போதிய சத்தை எப்படிக் கொடுப்பது என்பது அன்றைய கேள்வி. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும், தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இடையில் என்ன நடந்தது என்பதைத் தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் சொல்கின்றன. 2015–16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2019–21இல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு. நாற்று நட்ட உடம்புகள் நாற்காலிக்கு வந்துவிட்டன. தூக்குவாளியில் கூழ் போன இடத்தில் பிஸ்கட்டும் பரோட்டாவும் வந்துவிட்டன.

இனி மல்லாட்டை. இதைத் திட்டி முடித்துவிட எனக்கு மனமில்லை. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடெங்கும் விவசாயிகள் அறிந்த டி.எம்.வி. ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். சுதந்திரத்துக்கு முன்பே வெளிவந்த டி.எம்.வி. 2 ரக மல்லாட்டை பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்கப் பயிரானது. எண்ணெய் எவ்வளவு கூடுகிறது என்பது ஒரு ரகத்தின் பெருமை. அந்தப் பெருமையே நம் கணக்கில் கலோரியாக வந்து நிற்கிறது: பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்.

1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கால்மணிக்கு ஒருமுறை கேட்டுப் பதிவு செய்தார். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டதில், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலில் வந்தது. ஆரஞ்சுக்கு 202, முட்டைக்கு 150, வெள்ளைச் சோற்றுக்கு 138, வேர்க்கடலைக்கு 84. உருளைக்கிழங்கை எடைக்கு எதிரி என்று ஒதுக்கியவர்கள் திகைத்துப் போகும் முடிவு இது. கெடுதல் கிழங்கில் இல்லை, அதைச் சிப்ஸாக்கும் எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது.

84 மதிப்பெண் வாங்கிய கடலைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. முழுப் பருப்பாக மென்று தின்னும்போது செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அதையே எண்ணெயாகச் செக்கில் ஆட்டிச் சாப்பிட்டால் ஏறத்தாழ முழுதும் உடம்பில் சேரும். அறுவடைக் காலத்தில் நம் வீடுகளில் பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டுத் தோலோடு வேகவைப்பார்களே, அதில் தண்ணீர் ஏறியிருப்பதால் 100 கிராம் பருப்புக்குச் சுமார் 320 கலோரிதான். வறுத்தது 570ஐ ஒட்டி வரும். வெந்ததை ஒவ்வொன்றாக உரித்துத் தின்னவும் நேரமாகும். வயிற்றின் இரண்டாவது செய்தி வந்து சேர அந்த நேரம் உதவும். ஆகவே மல்லாட்டையை விட வேண்டாம். வேகவைத்ததாக, ஒரு கைப்பிடி அளவில், மாலை பஜ்ஜிக்குப் பதிலாக இருக்கட்டும். டிவி பார்த்துக்கொண்டே பொட்டலத்திலிருந்து அள்ளுவதாக மட்டும் இருக்க வேண்டாம்.

காய்கறியிலும் கவனம் வேண்டும். 100 கிராம் புடலங்காயில் 20 கலோரிகூட இல்லை. அதைப் பொரியல் செய்ய ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 120 கலோரி ஏறிவிடுகிறது. சாப்பிடுவது காய் என்று நினைக்கிறோம், கலோரிக் கணக்கில் அது எண்ணெய். வீட்டில் எண்ணெய்த் தூக்கைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே பெரிய மாற்றம் தெரியும். சுரைக்காய்க் கூட்டு, கீரை மசியல், பூசணிச் சாம்பார் போன்றவை தண்ணீரில் வேகும் பக்குவங்கள், இங்கே எண்ணெய்க்குத் தாளிப்பு வேலை மட்டும்தான்.

திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்தப் புளியைக் கரைத்து வைக்கும் ரசம், என் கணிப்பில், நம் இலையிலேயே மிகவும் பயன்படாமல் கிடக்கும் ஆயுதம். சாம்பார்ச் சோறு முடிந்து வயிறு நிறைந்த பிறகு அதை ஊற்றி மறுபடியும் ஒரு கவளம் சோறு பிசைகிறோம். 2007இல் ரோல்ஸ் குழு செய்த இன்னொரு ஆய்வில் சாப்பாட்டுக்குச் சற்று முன் சூப் குடித்தவர்கள் அந்தச் சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டார்கள். ரசம் மட்டும் மிக மெல்லியது. அதனால் வெந்த துவரம்பருப்பை மசித்து, தக்காளியும் கொஞ்சம் முருங்கைக்கீரையும் சேர்த்து, ஒரு பெரிய கிண்ணம் முதலில் குடித்துவிட்டுச் சோற்றுக்கு உட்காரலாம். சோறு தானாகவே குறையும். பழத்திலும் இதே கதைதான். 2009இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஆப்பிளை முழுதாக, மசியலாக, சாறாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கடித்துத் தின்றவர்களுக்குத்தான் அடுத்த சாப்பாடு நன்றாகக் குறைந்தது. சாறு குடித்தவர்கள் பின்தங்கினார்கள். எனவே திண்டிவனம் சாலையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஜூஸ் கேட்காமல் கீற்று வாங்கிக் கடித்துத் தின்னுங்கள். சர்க்கரை போட்ட ஜூஸில் பழத்தின் நன்மை மிச்சமிருப்பதில்லை.

இந்த வழியில் எவ்வளவு எடை குறையும்? பெரிய வாக்குறுதி தர நான் தயாரில்லை. ரோல்ஸ் குழு உடல் பருமனுள்ள 97 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2007இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைக்க மட்டும் சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 6.4 கிலோ குறைந்தார்கள். கொழுப்பைக் குறைப்பதோடு தண்ணீர் நிறைந்த காயும் பழமும் கூட்டச் சொல்லப்பட்டவர்கள் 7.9 கிலோ. வித்தியாசம் ஒன்றரைக் கிலோதான். ஆனால் அந்த இரண்டாவது குழுவினர் எடைக்கணக்கில் அதிக உணவு சாப்பிட்டார்கள், பசியும் குறைவாக இருந்தது. பசியில்லாமல் ஓராண்டு தாக்குப்பிடிக்கிறவர் இரண்டாம் ஆண்டும் தாக்குப்பிடிப்பார் என்பதால் எனக்கு இந்த முடிவுதான் முக்கியம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கூழ் காய்ச்சத் தெரிந்த ஒரு பாட்டி இன்னும் இருந்தால், ஆடி மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும், துடுப்பை எப்போது நிறுத்த வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று இந்த வாரமே அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.